எண்பத்தைந்தாவது வரி

சங்கு ஊதவில்லை.

நடந்த தவறு அவ்வளவுதான். குருசுமுனைக்கு வடக்கே மூன்று மைலில் அணு உலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அங்கே நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. ஊரை எச்சரிக்க, புயல் காப்பகத்து மொட்டைமாடியில் ஒரு அபாயச் சங்கு வைத்திருந்தார்கள். அது வாயைத் திறக்கவில்லை. பெண்கள் கடற்கரையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்குப் போலீஸ் வேன் வந்து ஒலிபெருக்கியில் கத்திய பிறகுதான் வீட்டுக்குள் போனார்கள்.

அதற்குள் காற்றில் என்ன வந்தது என்று ஊர் கேட்டது. பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை.

சங்கு ஊதிய அரை மணிக்குள் ஊருக்கு அயோடின் மாத்திரை கொடுக்க வேண்டியது கிராமச் செவிலியர் ஜெனோவாவின் வேலை. வேன் வந்ததும் கொடுத்தாள். வீடு வீடாக ஓடிக் கொடுத்தாள். பத்தாம் நாள் அவளுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. 10.20க்குப் பொத்தான் அழுத்தப்பட்டது. சங்கு நல்ல நிலையில் உள்ளது. எனவே சங்கு ஊதியது. எனவே செவிலியர் கடமை தவறினார். தற்காலிகப் பணிநீக்கம்.

ஊதவில்லை என்று ஊரே சொன்னது. ஊர் சொல்வது ஆவணம் இல்லை என்றார்கள்.

ஜெனோவாவின் அப்பா சந்தியாகு. அறுபத்தாறு வயது. அவர் குறிப்பாணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் பக்கவாட்டில் ஒரு பெஞ்சு. அதில் உலகம்மாள் இருப்பாள். சந்தியாகுவைவிடப் பதினேழு வயது இளையவள். இருபத்திரண்டு வருடம் அரசு ஆவண அறையில் எழுத்தராக இருந்துவிட்டு, வேலையை உதறிவிட்டு வந்தவள். அரசாங்கத்திடமிருந்து ஒரு தாளை எப்படி வாங்குவது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை. மனு எழுதித் தரமாட்டாள். எழுதக் கற்றுத் தருவாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. எல்லாரும் டீச்சர் என்றார்கள்.

சந்தியாகு தகவல் உரிமைச் சட்டப்படி தானே எழுதிய முதல் மனுவை நீட்டினார். பதிலையும் நீட்டினார்.

உலகம்மாள் படித்தாள். "சங்கு ஏன் ஊதவில்லை? என் மகளை ஏன் தண்டித்தீர்கள்? ஏழை என்றால் ஏன் இளக்காரம்? மூணு 'ஏன்'. என்ன பதில் வந்துச்சு?"

"'ஏன் என்பது தகவல் ஆகாது'ன்னு."

"சரியாத்தான் சொல்லியிருக்கான்."

சந்தியாகுவுக்குக் கோபம் வந்தது. "அப்போ நீங்களும் அவன் கட்சிதானா?"

"அண்ணாச்சி, எதுத்த கடைக்குப் போங்க. 'நேத்து ஏன் டீ நல்லாயில்ல'ன்னு கேட்டுட்டு வாங்க."

போனார். வந்தார்.

"என்ன சொன்னான்?"

"பால் சரியில்லையாம். மாஸ்டர் லீவாம். நான் நேத்து வரவே இல்லையாம். என்னென்னமோ சொல்லுதான்."

"இப்போ போய் 'ஒரு டீ'ன்னு கேளுங்க."

போனார். டீயோடு வந்தார்.

"எது கையில இருக்கு?" என்றாள்.

சந்தியாகு டீயைக் குடித்தார். அன்றைக்கு வேறு பாடம் இல்லை.

இரண்டாவது மனு. 'சங்கு சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதங்களும் வேண்டும்.' முப்பதாம் நாள் பதில் வந்தது. நாட்டின் பாதுகாப்பு கருதி மறுக்கப்படுகிறது.

"நாட்டுக்கும் நம்ம ஊர்ச் சங்குக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்? ஊதாத சங்கை எந்த எதிரி திருடிட்டுப் போகப்போறான்?"

"எல்லாத்தையும் கேட்டா ஒண்ணுமில்லைம்பான். ஒண்ணைக் கேளுங்க."

"எந்த ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அலமாரி அவன்கிட்ட இருக்கு."

"உங்க மகளுக்கு வந்த தாளை எடுங்க."

எடுத்தார்.

"மேல 'பார்வை'ன்னு போட்டு மூணு வரி இருக்கே. மூணாவதைப் படிங்க."

"'பார்வை மூன்று. மாதாந்திரச் சங்குச் சோதனைப் பதிவேடு.'"

"இத்தனை மாசமா சட்டைப்பையில வச்சுக்கிட்டுத் திரியிறீங்க. பார்வைன்னு போட்டவன் பார்க்க விடணும். ஒருத்தியைத் தண்டிக்க எடுத்த நோட்டு அவளுக்கே ரகசியமா? இதை மட்டும் கேளுங்க. நகல் வேண்டாம். நேர்ல பார்க்கணும்னு கேளுங்க."

சந்தியாகு எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஏழு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். சங்கைச் சரி பண்ணுங்கன்னு மாசாமாசம் எழுதியே கொடுத்திருக்கேன். அவன் காதுல ஏறல."

உலகம்மாள் நிமிர்ந்தாள். "எழுதிக் கொடுத்தீங்களா? எதுல?"

"ஒரு நோட்டுல. ஊர்ப் பாதுகாப்புக் குழுவுல நான்தானே மெம்பர். மாசம் முதல் வெள்ளிக்கிழமை உலையிலேருந்து ஜீப்புல ஒருத்தர் கொண்டுவருவார்."

"நோட்டுக்குத் தலைப்பு என்ன?"

"தலைப்பை யாரு பார்த்தா?"

அவள் மனுவை உறையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

மறுத்தார்கள். மேல்முறையீடு. விசாரணை. தேதி தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. எட்டு மாதம். உலையும் அதுவரை நின்றுதான் கிடந்தது. சோதனைக்கு ஜீப்பும் வரவில்லை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பதினொன்று முதல் பன்னிரண்டு வரை பார்வையிடலாம் என்று கடிதம் வந்தது.

உலகம்மாளும் கூடப் போனாள். உலையின் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு அறை. ஏ.சி. ஓடியது. அதிகாரி மரியாதையான ஆள். நாற்காலி போடச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பச்சை அட்டை போட்ட பதிவேட்டை அவரே எடுத்து வைத்தார்.

"இது ரகசியமே இல்லைங்கம்மா. கீழே யாரோ தெரியாம மறுத்துட்டாங்க. ஏழு வருசமா ஒருத்தரும் வந்து கேட்கலை. அதான் உண்மை."

சந்தியாகு திறந்தார். வரி வரியாகத் தேதிகள். முதல் வெள்ளி, முதல் வெள்ளி, முதல் வெள்ளி. எண்பத்துநாலு வரி. ஒவ்வொன்றின் கடைசிக் கட்டத்திலும் நீல மையில் ஒரே சொல். ஒரே கையெழுத்து.

கேட்டது. வி. சந்தியாகு.

அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"உங்க கையெழுத்துதானே ஐயா?" என்றார் அதிகாரி. குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"நான் எழுதினதுதான். ஆனா இது மனு நோட்டு இல்லையா?"

"மனு நோட்டா?"

"சங்கு ஊதலையே, வயரைப் பாருங்கன்னு ஜீப்காரர்கிட்ட ஒவ்வொரு மாசமும் கேட்பேன். அவர் சிரிச்சுக்கிட்டே, 'சரி அண்ணாச்சி, கேட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க'ம்பார். ஊர் கேட்டதுன்னு எழுதச் சொல்லுதார்னு நெனச்சேன். கேட்டது கேட்டதுன்னு எழுதி எழுதி..."



உலகம்மாள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு இங்கிலீஷில் இருந்தது. மெதுவாகப் படித்தாள்.

"சைரன் ஹியர்டு."

"அப்படின்னா?"

"சங்குச் சத்தம் காதுல விழுந்துச்சான்னு கேட்டிருக்கான், அண்ணாச்சி. விழுந்ததுன்னு எழுதியிருக்கீங்க. எண்பத்துநாலு தடவை."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நாங்க என்னம்மா செய்ய முடியும்? பதிவேடு என்ன சொல்லுதோ அதைத்தான் நம்பணும். வேற யாரும் கேட்கலையே."

"இவர் கேட்டிருக்காரே" என்றாள் உலகம்மாள். "எண்பத்துநாலு தடவை. நீங்களே பத்திரமா வச்சிருக்கீங்க."

அதிகாரி பதிவேட்டை மூடினார். இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.

ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் சந்தியாகு கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"சந்தேகம்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொன்னா அது பேச்சு. நீங்க பார்த்தது ஆவணம்."

"பெத்த மகளை நானே எழுத்தால கொன்னுருக்கேன்."

"அழுகிறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுதுட்டு வாங்க. நாலு மணிக்குத் தபால் கட்டிருவான்."

அவர் அழவில்லை. "இப்போ யார் மேல மனு போடணும்? ஜீப்காரர் மேலயா? அந்த ஆபீசர் மேலயா?"

"உங்க இஷ்டம். ரெண்டு பேரும் பதிவேட்டைக் காட்டுவாங்க."

"நான் எழுதினது தப்பு, சத்தம் கேட்கவே இல்லைன்னு எழுதிக் கொடுத்தா?"

"ஜெனோவா வெளியே வருவா."

"நான்?"

"பொய்ச் சான்று. கேஸ் போடுவான்."

"அறியாமத்தானே போட்டேன்?"

"தெரியாத பாஷையில இருக்குன்னு தெரிஞ்சுதானே போட்டீங்க? பக்கத்துலயே மக இருந்தா. நர்ஸு. இங்கிலீஷ் படிச்சவ. ஒரு நாளாவது 'இது என்னம்மா'ன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்கல."

"அதையும் எழுதுங்க."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். இடது ஓரத்தில் 'அனுப்புநர்' என்று மட்டும் எழுதிப் பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டாள். சந்தியாகு வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்தார். மூன்றே முக்காலுக்கு எழுத ஆரம்பித்தார்.

தபால் போய்ச் சேர்ந்தது. யாரும் பிரிக்கவில்லை. அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மாதத்தின் முதல் வெள்ளி. உலையை மறுபடி ஓட்டப்போகிறார்கள் என்று பேச்சு. ஜீப் வந்தது. பச்சை அட்டை நோட்டு வந்தது. சங்கு வழக்கம்போல ஊதவில்லை.

"வாங்க அண்ணாச்சி. பார்த்து ஒரு வருசமாகப் போகுது. கேட்டதுன்னு போடுங்க."

சந்தியாகு நோட்டை வாங்கினார். கடைசிக் கட்டத்தின் தலைப்புக்குக் கீழே தமிழில் எழுதினார். 'சங்குச் சத்தம் காதில் விழுந்ததா?' பிறகு எண்பத்தைந்தாவது வரிக்கு வந்தார். நிதானமாக எழுதினார்.

ஜீப்காரர் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "என்ன அண்ணாச்சி இது? இப்படி ஒரு வரி இருந்தா உலையை ஓட்ட விடமாட்டாங்க."

"ஓட்டாதீங்க."

"இத்தனை வருசம் படிக்காமத்தானே போட்டீங்க? இப்போ மட்டும் என்ன படிப்பு?"

"ஆமா. படிக்காமத்தான் போட்டேன்."

"அடிச்சிட்டு வேற எழுதுங்க."

"அடிச்சா அடிச்சதும் ஆவணம்."

ஜீப் போய்விட்டது. நாலே நாளில் ஆட்கள் வந்தார்கள். மொட்டைமாடி ஏறினார்கள். உப்புக் காற்றில் இற்றுப்போன வயரைப் பிடுங்கிப் போட்டார்கள். புது வயர், புது மோட்டார். செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியது. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் அலறின. ஏழு வருடம் கேட்டு நடக்காதது.

ஜெனோவாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள். அப்பாவுக்கு மாதம் ஒருமுறை போன் செய்வாள். அதிகம் பேசமாட்டாள். ஜீப்காரருக்குப் பதவி உயர்வு. சந்தியாகு மேல் வழக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு வாய்தா. கோர்ட்டு முடிந்ததும் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடுவார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் தாளில் 'பார்வை' எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பார்.

அன்று காற்றில் வந்தது எவ்வளவு என்ற தாளை மட்டும் இன்னும் தரவில்லை. அதற்கு மனு போய்க்கொண்டிருக்கிறது. பதினோராவது மனு.

ஒரு நாள் கல்குவாரி ஊரிலிருந்து ஒருவர் வந்தார். புதியவர். பேப்பரில் குருசுமுனைச் செய்தி படித்திருந்தார்.

"டீச்சர், அந்தச் சங்கைக் கடைசியில சரி பண்ணினது யாரு? கலெக்டர் ஆபீசா? பாதுகாப்பு ஆபீசா? பேப்பர்ல ரெண்டு பேரும் நாங்கதான்னு போட்டிருக்காங்களே."

பெஞ்சு ஓரத்தில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்கிட்ட ஏன் கேட்குதீங்க?" என்றாள் உலகம்மாள். "பதிவேடு இருக்கு. இப்போ யார் வேணும்னாலும் பார்க்கலாம். எண்பத்தைந்தாவது வரி."

"அதுல என்ன இருக்கு?"

"கேட்கவில்லை. வி. சந்தியாகு."