பின்னால் ஏற ஓர் ஆள்

“அறிவுகெட்ட பயலுவ டீச்சர். நீங்க வந்து நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்லணும்,” என்றார் தில்லைநாதன்.

தூத்துக்குடியில் ஓர் உப்புக் கிடங்குக்கு அவர் சூப்பர்வைசர். ரெஜினா டீச்சர், மூட்டை அடுக்கிய பலகையைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வயதில் சிறியவர்தான். ஆனாலும் தில்லைநாதன் லீவர் பிடிக்கப் படித்தது அவரிடம்தான்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“வண்டி சரிஞ்சிட்டு. கிடங்குல மூட்டை தூக்குற பேச்சிமுத்து அடியில மாட்டிக்கிட்டான். வலது காலை எடுத்துட்டாங்க.”

“ஓட்டுனது அவனா?”

“இல்ல. பின்னாடி நின்னான்.”

டீச்சரின் முகம் கறுத்தது.

பாரம் கூடிப்போனால் ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். நாலு மூட்டையை இறக்கினால் தீர்ந்தது. அதற்குச் சோம்பல்பட்டு, பின்னால் ஆளை ஏற்றி அமுக்கிக்கொள்வார்கள். உயிருள்ள மனுசன் அங்கே வெறும் எடைக்கல். வயிறு எரிகிற வழக்கம் இது.

“அவன் எதுக்கு ஏறுனான்?”

“அவனா ஏறிட்டான். ஆபத்து தெரியாத முட்டாப்பய. கம்பெனியிலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவனை வேலையை விட்டு நிப்பாட்டப் போறாங்க. நான் என்ன செய்ய?”

டீச்சர் பயிற்சித் திடலில் நின்ற வண்டியில் ஏறிப் பெல்ட்டை மாட்டினார். மூட்டைகளை அளவு மீறி அடுக்கிய பலகையைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கினார். பின்சக்கரம் எழும்பியது.

“ஏறுங்க அண்ணாச்சி.”

“எங்க?”

“பின்னாடி. பேச்சிமுத்து நின்ன இடத்துல.”

தில்லைநாதன் சிரித்துப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“ஏறுங்கன்னு சொல்லுதேன்லா!”

தில்லைநாதன் பதறிப் பின்வாங்கினார்.

“வெளையாடாதீங்க டீச்சர்! திருப்பும்போது சரிஞ்சிட்டுன்னா நிக்கவன் அடியில போயிருவான். இதுகூடவா தெரியாது எனக்கு?”

டீச்சர் பாரத்தை இறக்கினார். வண்டியை அணைத்தார். இறங்கி நேரே அவர் முன்னால் வந்து நின்றார்.

“பேச்சிமுத்துவும் இதையேதானே சொன்னான்?”

தில்லைநாதன் தரையைப் பார்த்தார்.

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் முனகினார்.

“‘லாரி காத்துக் கெடக்கு, ஏறுல’ன்னேன்.”

“சத்தமாச் சொல்லுங்க,” என்றார் டீச்சர். “கம்பெனியில இருக்கவனுக்குக் கேக்கணும்.”