சாய்ந்து நின்ற இரண்டு கண்ணிகள்

நியாயம் சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்களே, கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். திருப்பூரில் நடந்த ஒரு வழக்கு இது. அடிதடி கிடையாது, கோர்ட்டும் கிடையாது. வழக்காடிய மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் சண்டை போட்டார்கள். ஆனாலும் தீர்ப்பு சொல்வது லேசில்லை.

தங்கராசு என்ற நூல் வியாபாரி, கணினியிலேயே பிறந்து கணினியிலேயே புழங்கும் ஒரு கிரிப்டோ நாணயத்தை உண்டாக்கினார். பனியன் ஊர் ஆயிற்றே, அதற்குக் 'கண்ணி' என்று பெயர் வைத்தார். பின்னல் துணியில் நூல் வளைந்து வளைந்து போகிறதே, அதில் ஒவ்வொரு வளைவும் ஒரு கண்ணி. நாணயத்துக்குச் சின்னம் வரையும் வேலை கோகிலவாணிக்கு வந்தது.

கோகிலவாணி பன்னிரண்டு வருடமாகப் பனியன்களுக்குப் படம் வரைகிறவள். அவள் வரைந்த புலியும் படகும் எத்தனையோ தேசத்து மனிதர்களின் நெஞ்சில் ஏறி ஊர் சுற்றின. அவள் பெயர் மட்டும் எங்கேயும் ஏறவில்லை. அது அவளுக்கு உள்ளூரப் பெரிய குறை. ஆகவே தங்கராசு சொன்னதைக் கேட்டதும் துள்ளிவிட்டாள்.

"கண்ணியோட முதல் நாணயத்துக்குள்ள ஒரே ஒரு பேரு பதியலாமுங்க. பதிஞ்சுட்டா நானே நெனச்சாலும் அழிக்க முடியாது. சின்னம் யாரோடதோ, அவங்க பேரு."

இரண்டு கண்ணிகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, விறைப்பாக நேரே நிற்கும்படி வரைந்தாள். புதுக் கண்ணி முந்தைய கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாணயத்தின் ஒவ்வொரு பதிவும் அப்படித்தான் முந்தைய பதிவைப் பிடித்திருக்கும்; நடுவில் எவனாவது கை வைத்தால் வரிசையே பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அருமையான பொருள்தான். ஆனால் மூன்று வாரம் தங்கராசுவின் கடை வாசலில் தொங்கியும் அந்தச் சின்னத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பூட்டுக் கடை புதிதாக வந்திருக்கிறதா என்று ஒரே ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார்.

தொடக்க விழாவுக்காக இருநூறு பனியன்களில் அதை அச்சடிக்கும் வேலை, அச்சுப் பட்டறை வைத்திருக்கும் ரஷீதிடம் போயிற்று. விழாக் காலையில் மூட்டையைப் பிரித்தால், இருநூறு பனியனிலும் சின்னம் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது! கோகிலவாணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன ரஷீத் இது?"

"அச்சுச் சட்டம் நழுவிருச்சுங்க்கா."

அதற்குள் தங்கராசு வந்து நின்றார். வேலையில் பிசகு செய்தவரை மறுபடி வாசல்படி ஏற்றாத மனிதர்.

"யாரு வேலை இது?"

ரஷீதின் முகம் வெளுத்துப் போனது. மெல்ல மூட்டைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். அதைப் பார்த்ததும் கோகிலவாணியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நாந்தானுங்க சாய்ச்சு அடிக்கச் சொன்னேன். நல்லா இல்லீன்னா அது எந் தப்பு," என்றாள்.

பச்சைப் பொய். முதல் நாணயமும் அதில் ஏறவேண்டிய பெயரும் அந்த நிமிடமே கைநழுவிப் போய்விட்டதாகத்தான் அவள் நினைத்தாள்.

நடந்ததோ வேறு. விழாவுக்கு வந்தவர்கள் "எனக்கொண்ணு, எனக்கொண்ணு" என்று மொய்த்தார்கள். பத்து மணிக்குள் பனியன் தீர்ந்தது. விறைத்து நின்றபோது பூட்டாகத் தெரிந்த சின்னம், சாய்ந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் எதிர்த் தேநீர்க் கடைப் பங்கஜம் அதை உற்றுப் பார்த்து, "ஒருத்தர் கையப் புடிச்சு ஒருத்தர் மேடு ஏத்திவுடறாப்பல இருக்குதுங்க," என்றாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சு. கோகிலவாணி நினைத்த பொருளை யாரும் கேட்கவே இல்லை.

மறுநாள் பெயர் பதிய உட்கார்ந்தார் தங்கராசு. முதலில் பங்கஜம் வந்தாள்.

"அர்த்தம் சொன்னது நானுங்க. அர்த்தமில்லாட்டி அது வெறுங் கோடுதானுங்களே?"

அடுத்து ரஷீத், தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

"அக்கா சொன்னது பொய்யிங்க. நான் சொன்னதும் பொய்யி. மொத அச்சை வேஸ்ட் துணியில போட்டுப் பாக்கறது வழக்கமில்லீங்களா? துணி கோணலாக் கெடந்து சின்னம் சாஞ்சு விழுந்துச்சு. அத்தனை அழகு! சட்டத்தையே அப்படிச் சாய்ச்சு முடுக்கிட்டனுங்க. அக்கா திட்டுவாங்கன்னு பயந்து நழுவிருச்சுன்னு சொல்லிட்டேன். சாய்வு என்னுதுங்க, பேரு எனக்குத்தானுங்களே வரோணும்?"

கோகிலவாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்தவன் பிசகு என்றிருக்கிறான். பிசகு என்று நம்பியவள் வேண்டுமென்றே என்றிருக்கிறாள்! சிரித்து ஓய்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கோடு என்னுதுங்க. எனக்கு அந்தப் பேரு வேணும்."

வரைந்தவள் ஒருத்தி, சாய்த்தவன் ஒருவன், பொருள் சொன்னவள் இன்னொருத்தி. இடமோ ஒரே ஒரு பெயருக்கு. ஐயா, அம்மா, நீங்களே சொல்லுங்கள்: முதல் நாணயத்தில் யார் பெயரைப் பதிவது நியாயம்?

விடை: கோகிலவாணியின் பெயரை. பங்கஜம் அர்த்தம் சொல்வதற்கு முன்பே பனியன் தீர்ந்துவிட்டது. அவள் சொல் சின்னத்துக்கு அழகு சேர்த்தது, சின்னத்தை உண்டாக்கவில்லை. ரஷீதின் கண் பெரிய கண். அவன் சாய்க்காவிட்டால் அது இன்னமும் பூட்டாகத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் "யாரு வேலை இது?" என்று கேட்டபோது, கிடைக்கப்போவது மாலையா வசையா என்று தெரியாத அந்த நிமிடத்தில், அவன் தன் சாய்வைக் கைவிட்டுவிட்டான். என்னுடையது என்று முன்னால் வந்து நின்றவள் அவள் ஒருத்திதான். கோடும் அவளுடையது, வரவிருந்த பழியும் அவளுடையது என்றால், பெயர் மட்டும் எப்படி வேறொருவருக்குப் போகும்? தங்கராசுவும் அப்படியே தீர்த்தார். ரஷீத் "சரிதானுங்க" என்று முதல் ஆளாய்க் கைதட்டினான். திரையில் தன் பெயர் பதிந்ததைப் பார்த்த கோகிலவாணி, சிரித்துக்கொண்டே அழுது, அழுதுகொண்டே அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.