கட்டை போடுகிறவர்

"பத்தொன்பது நாளா உன் ஜீப்புக்குப் பின்னால கட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடுறேன். முதல் நாளுக்கு அப்புறம் ஒரு தடவையாவது ஸ்டியரிங்கைத் தொட விட்டியா? இதெல்லாம் ஒரு பாடமா தாயி?"

காசிமாயன் கேட்டேவிட்டார்.

பவுனுத்தாய் டீ குடித்துக்கொண்டிருந்தாள். நிதானமாகக் குடித்து முடித்தாள். கிளாஸைக் கழுவி வைத்தாள்.

"கட்டையில மண்ணு அப்பியிருக்கு பாருங்கண்ணே. தட்டிட்டு வண்டியில ஏத்துங்க."

தட்டினார். வேறென்ன செய்வது?

*

காசிமாயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்தினாலு வருஷம் பஸ் ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவு, திருவிழாக் கூட்டம், பிரேக் டவுன் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு ஆட்டுக்குட்டிகூட அவர் வண்டியில் அடிபட்டதில்லை. கேட்பவர்களிடம் அதைச் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மகள் நாகஜோதியை நாவல்முடியில் கட்டிக் கொடுத்திருந்தார். மலை உச்சியில் நாற்பது வீடு. தார் ரோடு அடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏழு கிலோமீட்டர் காட்டுப் பாதை. பாறை, சேறு, மரத்து வேர், மறுபடியும் பாறை. அதில் ஓடுகிற ஜீப் ஒன்றுதான். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட வாத்தியார், காய்ச்சல்காரர் என எல்லாரும் அதில்தான் ஏறவேண்டும். ஓட்டுகிறவள் பவுனுத்தாய். காசிமாயனைவிடப் பதினைந்து வயசு சின்னவள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேலே ஜோதிக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம். அன்றைக்கே பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கலாம். இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊரார் பிள்ளைகளையெல்லாம் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். என் மகளை இன்னொருத்தர் ஓட்டுற வண்டியிலயா கூட்டிட்டுப் போவேன்? நானே ஓட்டிட்டு வர்றேன். அப்ப அனுப்புங்க."

சபையில் வைத்துச் சொன்னார். சம்பந்தி முத்துக்கருப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் காசிமாயனைத் தூங்கவிடவில்லை.

விடிந்ததும் பவுனுத்தாய் முன்னால் போய் நின்றார்.

"வண்டி ஓட்டுறதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. இந்தப் பாதையை மட்டும் காட்டு."

"ஏறுங்கண்ணே," என்று சாவியைக் கொடுத்தாள்.

ஏறியது என்னவோ நன்றாகத்தான் ஏறியது. அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி இறங்கும்போது வண்டி வேகம் பிடித்தது. இருபத்தினாலு வருஷப் பழக்கம், கால் தானாகப் போய்ப் பிரேக்கை மிதித்தது.

சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. சேற்றில் வழுக்கிக்கொண்டே போய் ஒரு பலா மரத்தில் இடித்து நின்றது.

பவுனுத்தாய் இறங்கினாள். திட்டவில்லை. வண்டிக்குப் பின்னாலிருந்து கயிறு கட்டிய முக்கோணக் கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மேடு ஏறுகிற வண்டி நின்றுபோனால், உருண்டு போகாமல் பின் சக்கரத்துக்கு அணையாகக் கட்டை போடவேண்டும். இறங்கும்போது அதையே முன் சக்கரத்துக்குப் போடவேண்டும். மோசமான மேட்டிலெல்லாம் ஒரு ஆள் கட்டையோடு கூடவே நடக்கவேண்டும், ஓடவேண்டும். சேறு முகத்தில் அடிக்கும். டிரைவரின் வேலை இல்லை அது.

"நானா?" என்றார் காசிமாயன்.

"வேற யாரு இருக்கா?"

*

"எதைப் பாத்துக்கிட்டு ஓடணும்?" என்று இரண்டாம் நாள் கேட்டார்.

"சக்கரத்தை."

"சக்கரத்துல என்ன இருக்கு?"

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

இப்படிப் பேசினால் மனுஷனுக்குக் கோபம் வராதா? வந்தது. ஆனால் மகள் மேலே இருக்கிறாளே. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

வீட்டிலிருந்து சம்சாரம் போன் போட்டாள். "என்ன, இந்த வயசுல கிளீனர் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களாமே? ஊரே சொல்லுது."

"டவர் இல்ல," என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் என்று நினைவு. ஜீப் நிறைய அரிசி மூட்டை. மேட்டில் பாதி ஏறியிருந்தது. காசிமாயன் ஒரே தாவில் போய்க் கட்டையைப் பின் சக்கரத்துக்குக் கொடுத்தார். அடுத்த நொடி இன்ஜின் இருமி நின்றது. வண்டி கட்டையின் மேல் சாய்ந்தது.

பவுனுத்தாய் வெளியே தலையை நீட்டினாள்.

"நான் கூப்பிடவே இல்லையேண்ணே?"

"மண்ணைப் பின்னால வாரி எறிஞ்சுச்சு. இனிமே ஏறாதுன்னு தெரிஞ்சுச்சு, போட்டேன்."

"எந்தச் சக்கரம்?"

"இடது பக்கம். வலது பக்கத்துக்குக் கீழ கல்லு இருக்கு. ஒரு முழம் பின்னால வந்து அதுல ஏத்தினா ஏறிரும்."

அவள் ஒரு முழம் பின்னால் வந்தாள். கல்லில் ஏற்றினாள். ஏறியது.

அன்று மத்தியானம் தன் பன்னில் பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தாள். அதற்குமேல் ஒரு பாராட்டும் இல்லை.

*

இருபதாம் நாள் வியாழக்கிழமை. நல்ல நாள். ஐப்பசி முடிய இன்னும் மூன்றே நாள். மேகம் மலைக்குப் பாதிவரை இறங்கி உட்கார்ந்திருந்தது.

"கார்த்திகை மழை பிடிச்சா இது பாதையா இருக்காது, ஓடையாத்தான் இருக்கும்," என்றாள் பவுனுத்தாய். "தை மாசம்வரைக்கும் வண்டி ஏறாது. இன்னைக்கு உங்க மகளை இறக்கியாகணும்."

"எனக்குத் தெரியாதா? ஒன்பதாம் மாசம் நடக்குது தாயி. சபையில வேற சொல்லிட்டேன். இன்னைக்காவது என்னை ஓட்ட விடுவியா, மாட்டியா?"

அவள் சாவியைக் கொடுத்தாள்.

காசிமாயனால் நம்ப முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். உட்கார்ந்தார். ஆகா, ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வந்த சந்தோஷம் இருக்கிறதே! வாய்விட்டே சிரித்தார்.

முதல் நான்கு கிலோமீட்டர் வெண்ணெய். ஐந்தாவது கிலோமீட்டரில் வேர் குறுக்கிட்டது. நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ஏறி, தாண்டினார். பக்கத்து சீட்டில் பவுனுத்தாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கினாளோ என்னவோ.

நாவல்முடிக்கு அரைக் கிலோமீட்டர் கீழே கும்பிடுமேடு. ஏறும்போது ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்க்கும். உள்ளே இருப்பவர்கள் தானாகக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பேர் அப்படித்தான் வந்தது.

பவுனுத்தாய் இறங்கிக்கொண்டாள்.

"நீங்க ஏத்துங்க. நான் பின்னால வர்றேன்."

காசிமாயன் ஏற்றினார். பாதி மேடு போனதும் மண் பின்னால் தெறிக்கிற சத்தம் கேட்டது. தெரிந்த சத்தம். ஆனால் இந்தத் தடவை அவர் கட்டையோடு கீழே இல்லை. இன்ஜின் நின்றது.

"கட்டை!" என்று கத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"கட்டை போடு தாயி!"

கண்ணாடியில் பார்த்தார். பின் சக்கரத்துக்கு நாலடி தள்ளி, சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கிறாள். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கையில் கட்டை இல்லை.

கால் பிரேக்கில் ஏறி மிதித்தது. வண்டி ஒரு சாண் வழுக்கியது.

"தள்ளிப் போ! தள்ளிப் போயிரு தாயி!"

அவள் நகரவில்லை.

பிரேக்கை இன்னும் அழுத்தினால் என்ன ஆகும்? அதைச் சொல்ல யாரும் தேவையில்லை. பத்தொன்பது நாள் அந்தச் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் ஓடியவர் அவர். நின்ற சக்கரம் வழுக்கும். மெல்ல உருள்கிற சக்கரம்தான் மண்ணைப் பிடிக்கும்.

கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியரைப் போட்டார். கிளட்சை விட்டார். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி நின்றது.

கியரை எடுக்காமலே சாவியைத் திருப்பினார். ஜீப் பின்னால் நகர்ந்தது, எறும்பு ஊர்கிற வேகத்தில். பவுனுத்தாய் ஒரே ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்தாள். வலது சக்கரத்துக்குக் கல் தட்டுப்பட்டது. முதல் கியர். பின்னால் மண் தெறிக்கவில்லை. ஏறிவிட்டது.

மேட்டின் தலையில் வண்டியை நிறுத்தி இறங்கினார். கோபத்தில் கத்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா? உருண்டிருந்தா உன் உயிரு போயிருக்குமே! ஏன் கட்டை போடல?"

"கட்டை போடுற ஆளு ஸ்டியரிங்ல உட்காந்திருந்தாரு," என்றாள் பவுனுத்தாய். "நான் எதுக்கு?"

காசிமாயன் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இறங்கும்போதும் நீங்களே ஓட்டுங்க," என்றாள் அவள். "இனிமே உங்களுக்கு நான் வேண்டியதில்ல."

*

நாவல்முடியில் ஊரே கூடியிருந்தது. காசிமாயன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வருவதை எல்லாரும் பார்த்தார்கள். முத்துக்கருப்பனும் பார்த்தார்.

"சொன்ன மாதிரியே வந்துட்டீங்களே சம்பந்தி," என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அந்த நிமிஷம் காசிமாயனுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று. ஏன் மறைக்கவேண்டும்?

நாகஜோதி வந்தாள். கை நிறைய வளையல். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மூச்சு வாங்கி வாங்கி நடந்தாள். முன் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். மாமியார் நெற்றியில் திருநீறு பூசினாள்.

காசிமாயன் டிரைவர் சீட்டில் ஏறினார். சாவியில் கை வைத்தார்.

தூறல் விழத் தொடங்கியது. கீழே கும்பிடுமேடு பளபளவென்று ஈரமாகக் கிடந்தது. பக்கத்தில் திரும்பினார். மகள் ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து முன் சக்கரம் தெரியவில்லை.

சாவியிலிருந்து கையை எடுத்தார். இறங்கினார். பின்னால் போய்க் கட்டையை எடுத்தார். மண்ணைத் தட்டினார்.

"என்னண்ணே?" என்றாள் பவுனுத்தாய்.

"நீ ஓட்டு தாயி."

"என்ன சம்பந்தி, பயந்துட்டீங்களா?" என்று முத்துக்கருப்பன் உரக்கக் கேட்டார். "சபையில அவ்வளவு பேசினீங்களே!"

ஊர் சிரித்தது. நன்றாகவே சிரித்தது. காசிமாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பவுனுத்தாய் அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டாள்.

ஜீப் கும்பிடுமேட்டில் இறங்கத் தொடங்கியது. காசிமாயன் முன் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில், கட்டையோடு, பின்பக்கமாகவே அடி எடுத்துவைத்து இறங்கினார். ஒரு கண் சக்கரத்தில். ஒரு கண் மகள் முகத்தில். அவள் உதட்டைக் கடித்தால் கையைக் காட்டுவார், வண்டி மெதுவாகும். அவள் மூச்சை விட்டால் தலையை ஆட்டுவார், வண்டி நகரும். இரண்டு இடத்தில் சக்கரம் வழுக்கப் பார்த்தது. வழுக்கும் முன்பே கட்டை அங்கே இருந்தது.

மேடு பாதி கடந்தது. நாகஜோதிக்குப் பயம் தெளிந்திருக்க வேண்டும். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"ஏப்பா, நீதான் ஓட்டுவேன்னு சொன்னியே?"

காசிமாயன் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். அடுத்த அடியைப் பின்னால் வைத்தார்.

"ஓட்டிக்கிட்டுத்தானேம்மா வர்றேன்."