துண்டு போட்ட மரம்

அந்த ஊரில் கல்லூரி கபடியில் ஜெயித்துவிட்டால், ஆண்களெல்லாம் தோளில் கிடக்கும் துண்டைச் சுழற்றிக் கல்லூரி வாசல் புளியமரத்தின் மேல் எறிவார்கள். கொக்குக் கூட்டம் வந்து அடைந்ததுபோல் மரம் வெளுத்துப் போகும்.

புதிதாக வந்த தாளாளர் ராஜமாணிக்கத்துக்கு அது அசிங்கமாகப் பட்டது. தோட்டக்காரன் ஒச்சப்பனைக் கூப்பிட்டார்.

"இனிமே அந்த மரத்துல ஒரு துண்டு கிடந்தாலும் உனக்கு இங்கே வேலை கிடையாது."

மறுவாரமே கல்லூரி ஜெயித்தது. மரம் வெளுத்தது. தாளாளர் காரிலிருந்து குதித்து இறங்கினார்.

"எல்லாத்தையும் எடுடா!"

"எப்படிங்கய்யா எடுக்கிறது? துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்காங்க. நேத்துக் கல்யாணப் பந்தியில நீங்க துண்டு போட்ட நாற்காலியில உட்கார்ந்துட்டார்னு, மாப்பிள்ளையோட தாய்மாமனையே எழுப்பி விட்டீங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாளாளருக்குக் காது வரை சிவந்தது.

"அப்போ இடம் பிடிச்சவன் வந்து உட்காரட்டும்! இல்லேன்னா நீ வீட்டுக்குப் போ!"

ஒச்சப்பன் கையைத் தட்டினான். "பந்தி போட்டாச்சு, எல்லாரும் ஏறுங்கப்பா!"

டீக்கடைக்காரர் ஏறினார். தபால்காரர் பையோடு ஏறினார். தமிழ் வாத்தியாரைக் கீழேயிருந்து நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள். அவரவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளைகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

உச்சியிலிருந்து ஒச்சப்பன் குரல் கொடுத்தான்.

"அய்யா, இப்போ மரத்துல ஒரே ஒரு துண்டுதான் கிடக்கு. அது உங்களுக்காக நான் பிடிச்சு வெச்ச இடம். ஏறி வர்றீங்களா, இல்லே வேற ஆளுக்கு விட்டுறவா?"

எந்த இடத்தையும் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழகாத தாளாளர், செருப்பைக் கழற்றினார்.