மூன்றாவது வீட்டு வாசல்

துறைமுக ஊர் ஒன்றில், ஐஸ் கம்பெனியின் மாடியில், தில்லைக்கரசியின் அறை இருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குத் திரையில் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சோதித்துச் சொல்வது அவள் தொழில். எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று அவள் எழுதினால், அதை நம்புகிறவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள்.

அந்த மாடியை அவள் பிடித்ததற்குக் காரணம் குளிர். சூடேறிய கார்டு மெதுவாகிவிடும். அறை எப்போதும் ஒரே குளிரில் இருந்தால் எந்தக் கார்டுக்கும் அநியாயம் நடக்காது. கீழே ஓயாமல் ஐஸ் உறைந்துகொண்டிருக்கும். சித்திரையிலும் தரை சில்லென்றிருக்கும். சில வேளை கதவிடுக்கில் வெள்ளைப் புகை நுழைந்து தரையோடு ஊரும். வருகிறவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். அவள் தூக்குவதில்லை.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் சகாயம். அவளைவிட ஆறு வயது மூத்தவர். படகுகளில் வயர்லெஸ் செட் பழுது பார்த்தவர். மனைவி ஃபிலோ இறந்தபிறகு கரைப்பக்கம் போக மனமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தார்.

முதல் நாளே அவளை "அக்கா" என்றார்.

"நான் உங்களுக்கு அக்காவா? கண்ணாடியில உங்க தலையைப் பாத்தீங்களா?"

"தொழில்ல மூத்தவங்க அக்காதானே."

"சரிங்கண்ணே," என்றாள்.

அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிப் பேசிக்கொண்டார்கள்.

சோதனைக்கென்று ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். அதில் ஓர் ஊர் உண்டு. அங்கே எப்போதும் மழை. பாலத்தில் தொடங்கி, விளக்குத் தெரு வழியே நடந்து, கிணற்றடியில் முடிக்க வேண்டும். எந்தக் கார்டானாலும் அதே பாதை, அதே மழை, அதே நடை. திரையின் மூலையில் ஓர் எண் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு நொடிக்குள் கார்டு எத்தனை படங்களைத் திரைக்குத் தருகிறது என்பதே அந்த எண். படங்கள் கூடக் கூட ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும்.

"நடுவுல நிக்கக் கூடாது. திரும்பக் கூடாது. கண்ணு எண்ணுமேலயே இருக்கணும்," என்று சொல்லிக்கொடுத்தாள்.

அவள் நடப்பாள், அவர் எண்ணைக் குறிப்பார். அதுதான் வழக்கம்.

ஆடி மாதத்தில் புதிய கார்டு ஒன்று வந்தது. செய்த கம்பெனியே சோதனைக்காக இரவல் அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதை ஒப்பிட வேண்டியது போன தலைமுறைக் கார்டு ஒன்றோடு. வேறொரு கம்பெனியின் சரக்கு, ஒரு காலத்தில் இந்தக் கம்பெனிக்கு நேர்ப் போட்டி. அது அவளுக்குச் சொந்தமானது. அலமாரியில் இருந்தது.

புதிய கார்டோடு முதல் நடையை அவளே நடந்தாள். பதிவு செய்ததை ஒவ்வொரு படமாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இனிமே நீங்க நடங்கண்ணே. நான் எழுதுறேன்."

தொழிலில் உயர்வு வந்ததென்று சகாயம் மகிழ்ந்தார்.

மறுநாள் கேட்டார். "பழசு எண்பது காட்டுது. புதுசு நூத்தறுபது. இதுல ஒப்பிட என்ன இருக்குக்கா? எழுதிடலாமே."

"நூத்தறுபதுல விளையாட்டு வரைஞ்சது எத்தனை?"

"பாதி."

"மிச்சம்?"

"கார்டு ஊகிக்கிறது. முன்னால ஒரு படம், பின்னால ஒரு படம், ரெண்டையும் பாத்து நடுவுல ஒண்ணைத் தானா போட்டுக்குது."

"அப்ப எழுத இன்னும் இருக்கு," என்றாள். என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

அன்று மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். சகாயம் தன் நடையின் பதிவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார். ஊகித்த படங்களில் விளக்குக் கம்பம் வளைந்திருக்கிறதா, மழைக்கோடு கலங்கியிருக்கிறதா என்று தேடினார். எல்லாம் சரியாக இருந்தது.

விளக்குத் தெருவில் மூன்றாவது வீடு வந்தது. விளையாட்டு வரைந்த படத்தில் வாசல் காலி. அடுத்தது கார்டு ஊகித்த படம். அதில் வாசலில் ஒருத்தி நின்றாள். அதற்கடுத்தது விளையாட்டு வரைந்தது. வாசல் காலி.

கதவு நிலையில் ஒரு கை. ஒரு பாதத்தின்மேல் மறு பாதம். அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்து ஃபிலோ அப்படித்தான் வந்து நிற்பாள். பழுதான செட்டைக் காதில் வைத்தபடி அவர் அவளைக் கடந்து உள்ளே போவார்.

சகாயம் மறுபடி பாலத்திலிருந்து நடந்தார். மறுபடி பதிவு செய்தார். அவள் மறுபடி நின்றாள். பழைய கார்டை மாட்டி நடந்தார். அதில் ஊகித்த படம் கிடையாது. வாசல் காலி.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சீக்கிரமே வந்தார். கொண்டுவந்த சோற்றை மூடியபடியே திருப்பிக் கொண்டுபோனார். கிணற்றடிவரை போவதையும் மறந்தார். மூன்றாவது வீட்டைக் கடந்ததும் பாலத்துக்குத் திரும்பிவிடுவார்.

தில்லைக்கரசி பார்த்தாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கம்பெனிப் பெட்டி நாடா ஒட்டப்பட்டுக் கதவோரம் இருந்தது. கூரியர் நிஜாம் சாயங்காலம் வந்து எடுத்துப்போவார். தில்லைக்கரசி பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வந்த அன்று இரு கையும் வேண்டியிருந்த பெட்டியை இப்போது ஒரு கையாலேயே தூக்க முடிந்தது. கீழே வைத்தாள்.

"அண்ணே, பழைய கார்டை மாட்டி ஒரு தடவை நடந்துடுங்க."

சகாயம் அலமாரியைப் பார்த்தார். அலமாரி வெறுமையாக இருந்தது.

"அதான் அன்னைக்கே எண் எடுத்தாச்சேக்கா."

"இன்னொரு தடவை."

அவர் அசையவில்லை. கீழே ஐஸ் பாளம் ஒன்று அச்சிலிருந்து கழன்று விழுந்தது.

"கத்தி ரெண்டாவது இழுப்பறையில இருக்கு," என்றாள்.

பழைய கார்டு ஒட்டிய பெட்டிக்குள் இருந்தது. புதியது அவருடைய சாப்பாட்டுப் பையில், தூக்குச்சட்டிக்குக் கீழே, துண்டில் சுற்றியிருந்தது. அந்தப் பெட்டி அப்படியே போயிருந்தால் தில்லைக்கரசி திருடி என்று பெயர் வாங்கியிருப்பாள். அதன்பின் யாரும் அவளுக்குக் கார்டு தரமாட்டார்கள், அவள் சொல்லையும் நம்பமாட்டார்கள். இது தெரிந்துதான் சகாயம் பெட்டியை ஒட்டினார்.

அவர் நாடாவைக் கிழித்தார். பழைய கார்டை எடுத்து மாட்டினார்.

"ஒண்ணும் கேக்க மாட்டீங்களாக்கா?"

"நடங்க."

நடந்தார். பாலம். மழை. விளக்குத் தெரு. மூன்றாவது வீடு.

"நில்லுங்க," என்றாள்.

"நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இன்னைக்கு நில்லுங்க."

நின்றார். அவள் மேசையிலிருந்த நாடாவில் ஒரு துண்டு கிழித்து, திரையின் மூலையில் எண்ணை மறைத்து ஒட்டினாள். இப்போது பார்ப்பதற்கு வாசல் மட்டுமே இருந்தது. வாசற்படியில் மழை தெறித்துக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

"யார் இருக்கா?"

"யாருமில்ல."

"புதுசை மாட்டுங்க. பையில இருக்கிறதை."

அவர் தலை கவிழ்ந்தது. துண்டை அவிழ்த்து, புதிய கார்டை மாட்டி, மறுபடி நடந்தார். மூன்றாவது வீட்டின் முன்னே நின்றார். அவள் சொல்லாமலே நின்றார். வெகுநேரம் நின்றார். பதிவை எடுத்து ஒவ்வொரு படமாக நகர்த்தினார்.

வாசல் காலி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும் காலி.

"இல்லையேக்கா. எங்க போனா?"

"நீங்க நின்னுட்டீங்க. முன்படத்துலயும் பின்படத்துலயும் வாசல் ஒரே மாதிரி. நடுவுல கார்டுக்கு ஊகிக்க என்ன இருக்கு?"

சகாயம் மெல்லச் சொன்னார். "அப்ப நான் அவளைக் கடந்து போனாத்தான் அவ வருவா."

தரைப்புகை அவர் பாதத்தைத் தொட்டு ஊர்ந்தது.

"நீங்க எடுத்து வெச்சிருப்பீங்களே, அந்தப் படம். போடுங்க."

அவர் போட்டார். திரை முழுக்க மூன்றாவது வீட்டு வாசல்.

"பாருங்கக்கா. ஃபிலோ. நிலையில கை. காலைப் பாத்தீங்களா, ஒண்ணுமேல ஒண்ணு? இப்படித்தான் நிப்பா. கால் வலிக்கும்டின்னு எங்கம்மா சத்தம் போடுவாங்க. கேக்க மாட்டா."

அவள் திரையருகே குனிந்தாள். நிமிர அவளுக்கு நேரமாயிற்று.

"நிக்கலைண்ணே. உக்காந்திருக்கார்."

"யாரு?"

"எங்கப்பா. படியில உக்காந்திருக்கார். முட்டிமேல கை. செருப்பைக் கழட்டிப் பக்கத்துல வெச்சிருக்கார்."

சகாயம் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அங்கே ஃபிலோ நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்துக்கா?"

"கார்டு வந்த அன்னைக்கே. அதான் நாற்காலியை உங்க பக்கம் தள்ளினேன்."

"எனக்கும் இப்படி ஆகும்னு தெரியாதா உங்களுக்கு?"

"உங்க கண்ணுக்கு வெறும் தெருதான் தெரியும்னு நினைச்சேன். தப்பு."

அவர் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப எதுக்குக்கா திருப்பி அனுப்பணும்? கருகிப்போச்சுன்னு சொல்லிடலாம். கார்டு கருகாதா? காசு எவ்வளவானாலும் நான் கட்டுறேன். இங்கயே இருக்கட்டும். நீங்க உங்கப்பாவைப் பாருங்க. நான் இவளைப் பாக்குறேன்."

"பாத்தேண்ணே. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி நினைச்சுப் பாத்தேன். எங்கப்பா உயிரோட இருந்தவரை செருப்பைக் கழட்டி வெச்ச மனுஷனே இல்ல. செருப்போடதான் உக்காருவார். அம்மா அதுக்குத்தான் திட்டும். கழட்டி வெச்சா நல்லா இருக்குமேன்னு நினைச்சது நான்."

சகாயம் திரையில் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசுல வாசல் காலி," என்றாள் அவள். "அந்தக் காலி, அவர் விட்டுட்டுப் போனது. இது நான் கொண்டுவந்து வெச்சது."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிஜாம் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார்.

"என்னண்ணே, ஊரே வேகுது, நீங்க மட்டும் ஐஸ்மேல உக்காந்து விளையாடிட்டு இருக்கீங்க. குடுத்து வெச்சவங்க. பார்சல் எங்கக்கா, ரெடியா?"

சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். பேச்சு நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினார். வலக்கை நெஞ்சருகே உயர்ந்தது. சலாம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினார்.

சகாயமும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் வெளிய நிக்கிறேங்க்கா," என்றார் நிஜாம். படிக்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

சகாயம் கம்ப்யூட்டரை அணைத்தார். கார்டின் விசிறிகள் ஒவ்வொன்றாக ஓயும்வரை காத்திருந்தார். பிறகு திருகாணியைக் கழற்றி, புதிய கார்டை எடுத்து, துண்டால் ஒரு முறை துடைத்து, பெட்டியில் வைத்தார். நாடா ஒட்டினார். பெட்டியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய் நிஜாமிடம் கொடுத்தார். நிஜாம் அதைத் தன்னோடு அணைக்காமல், கொஞ்சம் விலக்கிப் பிடித்தபடி படியிறங்கினார்.

அறை பழையபடி ஆனது. அலமாரியில் ஒற்றைக் கார்டு இருந்தது. தில்லைக்கரசி எழுத உட்கார்ந்தாள். சகாயம் அவள் பின்னால் நின்றார்.

"எது நல்லதுன்னு எழுதப் போறீங்கக்கா?"

"புதுசுல ஓட்டம் ரெண்டு மடங்கு. பழசுல வாசல் காலியா இருக்கும். ரெண்டையும் எழுதுவேன்."

"வாசலைப் பத்தியும் எழுதணுமா? யாருக்குப் புரியும்? சிரிப்பாங்க."

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"வாங்குறவங்க வீட்டுல யாரு இல்லன்னு நமக்குத் தெரியாதேண்ணே."