பேசுற மரமும் மூக்கையன் சொன்ன பொய்யும்

ஒரு காட்டுல ஒரு மூக்கு இருந்துச்சாம். என்ன சிரிக்கிற? நெசமாத்தான். முதல்ல மூக்கு வரும், அப்புறம்தான் அதுக்குப் பின்னாடி பறவை வரும். அம்மாம் பெரிய மஞ்ச மூக்கு, அது மேல தொப்பி கவுத்த மாதிரி இன்னொரு மேடு. இருவாச்சின்னு பேரு அந்தப் பறவைக்கு. பறந்துச்சுன்னா றெக்கைச் சத்தம் அடுத்த மலைக்கே கேக்கும், புஸ்... புஸ்... புஸ்ஸுன்னு. நம்ம கதையில வர்ற இருவாச்சி பேரு மூக்கையன். காலை உள்ள இழுத்துக்கிட்டு ம் கொட்டு. ம் வரலைன்னா கதை அங்கயே நின்னுரும்.

"ம்."

இந்த மூக்கையன் பாக்கத்தான் பெரிய ஆளு. வாயைத் திறந்தா தண்ணி. யாரையும் ஒரு வார்த்தை அதட்டிப் பேச வராது. உங்கப்பன் பஸ்ஸுல தன் காலை மிதிச்சவன்கிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டு வருவானே, அந்த மாதிரின்னு வெச்சுக்கோ. அதுக்கு நேர் எதிரு அவன் சம்சாரம் பவளாத்தா. அவ கூப்பிட்டா ஓடையில போற மீனு நின்னு திரும்பிப் பாக்கும்.

அப்போ, முட்டை இடுற காலம் வந்துச்சு. இருவாச்சிங்க கூடு கட்டாது, தெரியுமா? பெரிய மரமா பாத்து, அதுல இருக்குற பொந்துக்குள்ள பொம்பளை இருவாச்சி போயி உக்காந்துக்கும். உக்காந்துக்கிட்டு வாசலை உள்ளருந்தே பூசி அடைச்சிரும். எதை வெச்சுப் பூசும்னு கேக்காத, இப்பத்தான் சோறு தின்னுட்டுப் படுத்திருக்க. நடுவுல ஒரே ஒரு கீத்து மட்டும் விடும், மூக்கு நுழையுற அளவுக்கு. அப்புறம் மூணு நாலு மாசம் வெளிய வராது. உள்ள இருக்கையில றெக்கையில உள்ள இறகெல்லாம் உதிர்ந்து போயிரும். புதுசு முளைக்கிற வரைக்கும் பறக்க முடியாது.

பவளாத்தா போயி உக்காந்தது ஒரு வேங்கை மரத்துல. நெடுநெடுன்னு நல்ல உசரம். மரம் நின்னா அவ இருப்பா. மரம் விழுந்தா அவளும் முட்டையும் சேந்து தொம்முன்னு விழ வேண்டியதுதான். மூக்கையனுக்கு எப்பவும் அதே நெனப்புதான். பாவம், பொண்டாட்டி மேல உசிரு அவனுக்கு.

காலையில ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை, தொண்டை நிறைய பழம் கொண்டாந்து கீத்து வழியா ஊட்டுவான். அவ உள்ளருந்து கத்துவா.

"ஏனுங்க, இன்னைக்கும் அத்திப்பழமா?"

"அதுதானுங்க பழுத்திருக்கு."

"காட்டுல வேற மரமே இல்லையா?"

"நாளைக்குப் பாக்குறேனுங்க."

அப்படியே போயிட்டு இருந்துச்சு. ஒருநாள் காலையில மூக்கையன் பழத்தோட வர்றான், வேங்கை மரம் கிடுகிடுன்னு ஆடுது. காத்தும் இல்ல, மழையும் இல்ல. கீழ பாத்தா ஒத்தக்கொம்பன். யானை. ஒரு தந்தம் உடைஞ்சு ஒண்ணுதான் மிச்சம், அதனால அந்தப் பேரு. அவனுக்கு முதுகுல அரிப்பு. மரத்துல சாஞ்சுக்கிட்டு தேய்க்கிறான். சர்ரக்... சர்ரக்... சர்ரக்! பட்டை பேந்து பேந்து விழுது. உள்ள முட்டை இந்தப் பக்கம் உருளுது, அந்தப் பக்கம் உருளுது.

மூக்கையன் பறந்து போயி கிட்ட உக்காந்தான். சொல்லிரணும், சொல்லிரணும்னு தொண்டையைக் கனைச்சான்.

"அண்ணா... நல்லா இருக்கீங்களா?"

"ம்ம். அரிக்குது," சர்ரக்.

"உங்க பக்கம் மழையெல்லாம் எப்படிங்க?"

பாத்தியா லட்சணத்தை! வீடு ஆடுது, இவன் மழை விசாரிக்கிறான். எனக்கே எந்திரிச்சுப் போயி ரெண்டு போடலாம்னு இருக்கு. அப்போ மரத்துக்குள்ளருந்து ஒரு சத்தம்.

"எவன்டா அவன், முதுகை எங்க கொண்டாந்து தேய்க்கிறது?"

ஒத்தக்கொம்பன் நாலு காலையும் தூக்கிக் குதிச்சான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படிக் குதிச்சு யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

"யா... யாரு பேசுனது?"

மூக்கையன் யோசிச்சான். என் சம்சாரம்னு சொன்னா, எங்க பாக்கலாம்னு யானை தும்பிக்கையைப் பொந்துக்குள்ள விட்டுரும். விட்டா வாசல் போச்சு, முட்டை போச்சு. மூக்கெல்லாம் வேர்த்துப் போச்சு அவனுக்கு. வாயில வந்ததைச் சொல்லிட்டான்.

"மரமுங்க."

"மரம் பேசுமா?"

"இந்த மரம் பேசுமுங்க. எப்பவும் இல்லீங்க. கோவம் வந்தா மட்டும்."

ஒத்தக்கொம்பன் தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிட்டான். "தெரியாமப் பண்ணிட்டேன் மரமே. நான் என்ன செய்யணும்?"

பவளாத்தா சும்மா விடுவாளா? "பட்டையைப் பேத்துட்டேல்ல? ஓடையில செம்மண்ணு எடுத்தாந்து பூசு! அரிச்சா பாறையில போயித் தேய்ச்சுக்கோ!"

ஓடினான். தும்பிக்கை நிறைய சேறு எடுத்தாந்து சொதக்... சொதக்... சொதக்குன்னு அப்பி, தும்பிக்கை நுனியால தடவி விட்டுட்டுப் போனான். ஆச்சா? ம் எங்க?

"ம்."

அப்புறம் நாலு நாள் கழிச்சு, இருட்டுக் கட்டுற நேரம். கரக் கரக் கரக்குன்னு மரத்தடியில ஒரு சத்தம். முள்ளாயி வந்திருக்கா. முள்ளம்பன்றி. அவளுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். எதையாவது கடிச்சுத் தேய்க்கலைன்னா வாயை மூட முடியாது. அவ மரத்தைச் சுத்தி வட்டமா பட்டையைக் கடிச்சுக்கிட்டு வர்றா. வட்டம் முழுசா முடிஞ்சா மேலருந்து வேருக்குச் சாப்பாடு எறங்காது, பட்டுப் போயிரும். முக்கால் வட்டம் முடிஞ்சுபோச்சு.

மூக்கையன் கீழ எறங்கினான். "அக்கா, சாப்பாடு ஆச்சுங்களா?"

"அதைத்தான சாப்பிட்டுட்டு இருக்கேன்," கரக்.

வேங்கை மரத்தைக் கீறினா செவப்பா பால் வடியும். ரத்தம் கணக்காவே இருக்கும். முள்ளாயி மூஞ்சியில அது சொட்டுன்னு விழுந்துச்சு. அவ தொட்டுப் பாக்குறா, செவப்பு. அந்த நேரம் பாத்து உள்ளருந்து, "அடியே! யாருடி அது என் காலைக் கடிக்கிறது?"

முள்ளாயிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கிட்டு நின்னுச்சு. "அய்யய்யோ! ரத்தம்! மரம் கத்துது!"

"ஆமாங்கக்கா, பேசுமுங்க," அப்படின்னான் மூக்கையன். இந்தத் தடவை பொய் கொஞ்சம் சுளுவா வந்துச்சு. அதை நெனச்சு அவனுக்கே வெக்கமாப் போச்சு.

"கடிக்கணும்னா மான் உதுத்த கொம்பு காட்டுல கெடக்கும், அதைக் கடி!" பவளாத்தா உள்ளருந்து உத்தரவு போட்டா. "காயத்துக்கு மண்ணைப் பூசு. இனிமே எவனாச்சும் பட்டையில பல்லை வெச்சா நீதான் வெரட்டணும்!"

"சரிங்க மரம். சரிங்க மரம்." முள்ளாயி அந்தச் சின்னக் கையால மண்ணை அள்ளி அள்ளி அப்பினா. மறுநாள்லருந்து முள்ளை ஆட்டிக்கிட்டு, ஜலக் ஜலக் ஜலக்குன்னு மரத்தைச் சுத்திக் காவல்.

மூணாவதா வந்தான் பாரு, அவன்தான் ஆளு. கரடி. சடையன்னு பேரு, ஒடம்பெல்லாம் முடி. வேருக்கடியில கரையான் இருக்குன்னு மோப்பம் பிடிச்சு வந்து தோண்டுறான். பரட்... பரட்... பரட்! மண்ணெல்லாம் பின்னாடி பறக்குது. வேரு வெளிய வந்துருச்சு. மூக்கைக் குழியில வெச்சு உஃப்புன்னு உறிஞ்சுறான். மரம் லேசா ஒரு பக்கம் சாஞ்சு கிர்ர்ருன்னுது.

"டேய்! வேரை விடுடா!" பவளாத்தா கத்தினா.

சடையன் பயப்படலை. நிமிந்து பாத்தான். "யாரு அது?"

"மரமுங்க. பேசுமுங்க," மூக்கையன் சொன்னான்.

"அப்படியா? எந்த மரமும் என்கிட்ட பேசினதில்லையே. பேசுற மரம்னா நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லட்டும். ஏ மரமே, நேத்து நீ என்ன சாப்பிட்ட?"

தண்ணின்னு சொல்லித் தொலை, வெயிலுன்னு சொல்லித் தொலைன்னு மூக்கையன் மனசுக்குள்ள கெஞ்சுறான். ஆனா பவளாத்தாவுக்கு எத்தனை நாள் எரிச்சல்! அது தொண்டை வரைக்கும் வந்து நிக்குது.

"அத்திப்பழம்! முந்தாநாளும் அத்திப்பழம்! அதுக்கு முந்தின நாளும் அத்திப்பழம்!"

சடையன் திரும்பி மூக்கையனைப் பாத்தான். "மரம் அத்திப்பழம் திங்குமா?"

"தி... திங்குமுங்க."

"எப்படித் திங்கும்?"

"நான்தானுங்க ஊட்டுறேன்." சொல்லிட்டுப் பறந்து போயி ஒரு பழத்தைக் கீத்துல வெச்சான். உள்ளருந்து சப்... சப்... சப்பு. தூன்னு பழத்தோட காம்பு வெளிய வந்து சடையன் நெத்தியில சொத்துன்னு விழுந்துச்சு.

சடையனுக்கு வாய் பொளந்துருச்சு. கண்ணால பாத்துட்டானே, அப்புறம் என்ன! ரெண்டு கையாலயும் மண்ணைத் தள்ளி வேரை மூடி, மேல ஏறி மிதிச்சு மிதிச்சுக் கெட்டியாக்கினான். அதோட விட்டானா? மறுநாள் எங்கயோ போயி தேனடை ஒண்ணு கொண்டாந்து கீத்துல வெச்சுட்டான். "அத்திப்பழமே தின்னா மரத்துக்கு அலுக்காதா?" அப்படின்னு மூக்கையனைத் திட்டு வேற. உள்ள பவளாத்தாவுக்குக் குளுகுளுன்னு ஆகிப்போச்சு. "இவனுக்குத்தான்டா மரத்தோட மனசு தெரியுது!"

வெயில்காலம் வந்துச்சு. காடே காஞ்சு கெடக்கு, இந்த வேங்கை மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குது. ஒத்தக்கொம்பன் தெனம் வந்து தும்பிக்கையால தண்ணி பீச்சுவான், ப்ஷ்ஷ்! மண்ணு காஞ்சு உதுந்தா மறுபடி பூசுவான். முள்ளாயி காவல், சடையன் வேரை மூடி மூடி மிதிப்பான். இதுக்கு நடுவுல முட்டை பொரிச்சு குஞ்சு வந்துருச்சு. க்யாங் க்யாங்குன்னு கத்துது.

"மரம் குட்டி போட்டுருச்சா?" ஒத்தக்கொம்பன் கேட்டான்.

"ஆமாங்கண்ணா, ஒண்ணே ஒண்ணுங்க."

"அப்ப நாளையிலருந்து தண்ணி ரெண்டு பங்கு," அப்படின்னுட்டுப் போறான் அந்த நல்லவன்.

அவன் அப்படிச் சொல்லச் சொல்ல மூக்கையனுக்கு நெஞ்சு குறுகுறுன்னு இருக்கும். பழம் தொண்டையில எறங்காது. இளைச்சே போயிட்டான். மூக்கு மட்டும் இளைக்கலை.

அப்புறம் ஒருநாள் காலையில மூணு பேரும் மரத்தடியில வேலையா இருக்காங்க. மேல டொக்! டொக்! டொக்! வாசல் பூச்சு உடைஞ்சு விழுது. புத்தம்புது இறகோட பவளாத்தா வெளிய வந்தா. சோம்பல் முறிச்சா. கீழ பாத்து, "என்ன சடையா, இன்னைக்குத் தேன் இல்லையா?" அப்படின்னா.

அதே குரலு.

ஒத்தக்கொம்பன் அவளைப் பாத்தான், ஓட்டையைப் பாத்தான், மூக்கையனைப் பாத்தான். அவன் காது ரெண்டும் மெதுவா விரிஞ்சுது.

"ஒரு பறவைக்கா? ஒரு பறவைக்கா நான் இத்தனை நாளா மண்ணு சுமந்தேன்?"

"ஆமா, உள்ள நான்தான் இருந்தேன், அதுக்கென்ன?" பவளாத்தா எதுக்கும் அசர்ற ஆளா! ஆனா உள்ள குஞ்சு இருக்கே. அதுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. ஒத்தக்கொம்பன் நேரா வந்து நெத்தியை மரத்துல வெச்சான். தள்ளப் போறான். ம் சொல்லு கண்ணு.

"...ம்."

அப்போ மூக்கையன் என்ன பண்ணினான் தெரியுமா? புஸ்ஸுன்னு பறந்து வந்து யானைக் கண்ணுக்கு முன்னாடி தந்தத்து மேல உக்காந்துட்டான். இந்தத் தடவை மழையும் விசாரிக்கலை, சாப்பாடும் விசாரிக்கலை.

"பொய் சொன்னது நான்! பயத்துல சொன்னேன். என்னை மிதிச்சுப் போடு. மரத்தைத் தள்ளாத. உள்ள என் புள்ளை இருக்குது!"

அவன் குரல் அவ்வளவு சத்தமா வரும்னு பவளாத்தாவுக்கே தெரியாது.

ஒத்தக்கொம்பன் காதுல அதெல்லாம் ஏறலை. ஒரு அழுத்து அழுத்தினான். நெத்தி பட்ட இடம் எது தெரியுமா? அவன் மண்ணு பூசின இடம். காஞ்ச மண்ணு பொலபொலன்னு உதுந்துச்சு. அதுக்கடியில புதுப் பட்டை. மெத்துன்னு, இளசா, உன் கன்னம் கணக்கா. அவனுக்கு நெத்தியில அது தெரிஞ்சுது. நிறுத்திட்டான். பின்னாடி நகந்து பாத்தான். தும்பிக்கை நுனியால மெதுவாத் தடவினான்.

"ஏ... வளந்திருக்கு," அப்படின்னான்.

"எங்க? நகரு, என் பக்கம் பாக்கட்டும்." முள்ளாயி சுத்தி ஓடினா. அவ கடிச்ச வட்டமும் மூடி வருது. சடையன் குனிஞ்சு பாத்தான், வேருலருந்து ஒரு சின்னத் துளிரு.

"இது என்னோடது!" அப்படின்னான் சடையன்.

"உன்னோடதா? பூசினது யாரு?" அப்படின்னா முள்ளாயி.

"தண்ணி ஊத்தினது யாரு?" அப்படின்னு பிளிறினான் ஒத்தக்கொம்பன். "இது என் மரம்! எவனாச்சும் இதுல கையை வெச்சீங்க, தொலைச்சுப் போடுவேன்!"

தள்ள வந்தவன் அவன்தான், ஞாபகம் இருக்கா? அதை அவனே மறந்துட்டான். மூணு பேரும் அடிச்சுக்கிறாங்க, தந்தத்துல உக்காந்த மூக்கையன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊஞ்சல் ஆடுறான். பொய்யைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

மறுநாள் காலையில மூக்கையன் கண்ணு முழிச்சுப் பாக்குறான். ஒத்தக்கொம்பன் ஓடையிலருந்து தும்பிக்கை நிறைய செம்மண்ணோட வந்து நிக்கிறான். யாரும் கூப்பிடலை. சொதக்... சொதக்குன்னு பூசுறான்.

"அண்ணா," மூக்கையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மரம் ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

"மரம் எதுக்குடா சொல்லணும்?" அப்படின்னான் ஒத்தக்கொம்பன். "எனக்குக் கண்ணு இல்லையா?"

அவ்வளவுதான். யானை ஓடைக்குப் போச்சு, கரடி குகைக்குப் போச்சு, கதை காட்டுக்குப் போச்சு. இனி ம் வேண்டாம். கண்ணை மூடித் தூங்கு.