ஐயாயிரம் வாட்டின் ஃபியூஸ்

காங்கேயத்தில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டித் தரும் கடை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவள் பூங்காவனம். கடை இருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அரிசி மில் அம்பலவாணர். கரண்டைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவர் நினைப்பு.

ஒருநாள் ஆட்கள் புடைசூழ வந்து, பளபளக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மேசைமேல் வைத்தார். அதன் நெற்றியில் தங்க நிற ஸ்டிக்கர்: 5000 வாட்.

"இதை என் கார்ல இருக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு மாட்டு. தெருவே அதிரணும். அதிரலைன்னா நாளைக்கே கடையைக் காலி பண்ணிக்குங்க."

பூங்காவனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு சந்தேகமுங்க. பன்னண்டு வோல்ட் பேட்டரியில ஐயாயிரம் வாட் இழுத்தா எத்தனை ஆம்பியர் ஆகுமுங்க?"

அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. "நானூறுக்கு மேல!"

"அதுக்கு ஒருத்தன் இருபது ஆம்பியர் ஃபியூஸ் போட்டு வித்தான்னா?"

"அவன் திருட்டுப்பய. அதை வாங்கினவன் அடிமுட்டாள்!" என்று சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள்.

அவள் ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலிருந்த மஞ்சள் ஃபியூஸைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதில் 20 என்று போட்டிருந்தது. சிரிப்பு நின்றது.

"இருநூத்து நாப்பது வாட்டுக்கு மேல இது தாங்காதுங்க. உங்க சப்வூஃபருக்கு நானூறு வாட் வேணும். நம்ம கடையிலயே அதுக்கு ஏத்தது இருக்குதுங்க."

அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அதையே மாட்டு. இந்த ஸ்டிக்கரை மட்டும் உரிச்சு அதுமேல ஒட்டிரு."

"ஒட்டிரலாமுங்க. ஸ்டிக்கருக்கு ஃபியூஸ் தேவையில்லீங்களே."